ஏஐ முகவருக்குக் கருவி விளக்கம் எழுதுவது எப்படி? ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கண்டவை

பாய்மரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். படகுப் பதிவு, அங்கத்தவர் கணக்கு, ஐஸ் முன்பதிவு, அன்றன்றைய மீன் விலை எல்லாம் அதில் இருக்கின்றன. இதுவரை காரியாலயத்து எழுதுவினைஞர்கள்தான் அதைப் பாவித்தார்கள். இப்போது அங்கத்தவர்கள் கைபேசியில் தமிழில் கேட்டால் பதில் சொல்லவும் ஐஸுக்குப் பதிந்து கொடுக்கவும் ஓர் ஏஐ முகவரை இணைத்திருக்கிறோம். இணைப்பு எம்சிபி வழியாக. அறியாதவர்களுக்காக: அது ஏஐ நிறுவனமான அன்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஐ மாதிரிகளை வெளி மென்பொருள்களோடு இணைப்பதற்கான திறந்த நெறிமுறை. முகவர் அழைக்கக்கூடிய ஒவ்வொரு செயலும் அதில் ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகள் எந்த வடிவில் வரவேண்டும் என்ற ஸ்கீமா. முகவருக்குள் இருக்கும் மொழி மாதிரிக்குத் தெரிவது பெரும்பாலும் அவ்வளவுதான். நமது நிரலை அது பார்ப்பதில்லை.

இணைத்த பிறகு வந்த முறைப்பாடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றின் வேர் விளக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்றை அப்படியே தருகிறேன்.

பழைய மென்பொருளில் இருந்து வந்த கருவி ஒன்றின் பெயர் "படகு_விபரம்". அதன் விளக்கம் முழுவதும் இதுதான்: "படகு விபரத்தைப் பெறும்." உள்ளீட்டின் பெயர் "இலக்கம்". எந்த இலக்கம்? காரியாலயத்தில் இருப்பவர்களுக்கு அது படகின் பதிவு இலக்கம் என்று தெரியும். முகவருக்கு யார் சொன்னார்கள்? ஓர் அங்கத்தவர், தன் படகின் அனுமதிப்பத்திரம் எப்போது முடிகிறது என்று கேட்டிருக்கிறார். முகவரிடம் அப்போது இருந்த ஒரே இலக்கம் அவருடைய தொலைபேசி இலக்கம். அதைக் கொடுத்துக் கருவியை அழைத்தது. கருவி எதுவும் இல்லாத வெறும் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தது. முகவர் அவரிடம், "உங்கள் பெயரில் படகு எதுவும் பதிவாகவில்லை" என்று சொல்லிவிட்டது. காலம் முழுவதும் கடலுக்குப் போய் வந்த மனிதர், பதிவு ரத்தாகிவிட்டதோ என்று பதறிக்கொண்டு காரியாலயத்துக்கு ஓடி வந்தார்.

இப்போது அந்த விளக்கம் இப்படி இருக்கிறது:

> படகின் பதிவு இலக்கத்தைக் கொண்டு உரிமையாளர், அனுமதிப்பத்திரம் முடியும் திகதி, சங்கத்துக்குக் கட்டவேண்டிய நிலுவை ஆகியவற்றைத் தரும். பதிவு இலக்கம் என்பது படகில் எழுதப்பட்டிருப்பது. படகின் வகை, ஓர் எழுத்து, நான்கு இலக்கங்கள், மாவட்டக் குறி என்ற ஒழுங்கில் வரும். உதாரணம்: ஐஎம்யூஎல்-ஏ-0123-டிசிஓ. தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் இலக்கம் ஆகியவற்றை இங்கே கொடுக்க வேண்டாம். அவை மட்டும் தெரிந்தால் முதலில் "அங்கத்தவர்_தேடு" கருவியை அழைக்கவும். "இந்தச் சங்கத்தின் பதிவில் இல்லை" என்று பதில் வந்தால் அந்தப் படகு வேறு சங்கத்தில் இருக்கக்கூடும். படகு பதிவாகவில்லை என்று பாவனையாளரிடம் சொல்ல வேண்டாம்.

புதிதாக வேலைக்கு வரும் எழுதுவினைஞர் ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார். முகவருக்குப் பக்கத்து மேசை இல்லை. அந்த மேசையில் இருப்பவர் வாயால் சொல்லியிருக்கக்கூடியதையெல்லாம் நாம் விளக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. எந்தக் கருவியை எப்போது அழைக்கக்கூடாது, வெறும் பதிலுக்கு என்ன பொருள், பிழை வந்தால் அடுத்து எங்கே போவது, எதைச் செய்தால் திருப்ப முடியாது என்பவை எல்லாம் அதில் அடங்கும்.

நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? ஆங்கிலத்தில் நிறையப் பேசப்பட்டுவிட்டது. நம்முடைய தரவுகளோடு இதைச் செய்தவர்களின் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன்.

---

கொட்டியாரம்

தங்கச்சி, நல்ல இழை. ஆனால் அந்த விளக்கத்தின் நீளத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

எத்தனை கருவிகளை இணைக்கிறீர்களோ அத்தனையின் விளக்கங்களும் ஒவ்வொரு முறையும் மாதிரியின் முன்னால் போய் நிற்கும். ஒரு கருவிக்கு ஒரு பந்தி என்றால், நாற்பது கருவிக்கு ஒரு சிறு புத்தகம். பாவனையாளர் "இன்று சூரை என்ன விலை?" என்று கேட்கிறார், அதற்குப் பதில் சொல்ல அந்தப் புத்தகம் முழுவதையும் சுமந்துகொண்டு போக வேண்டும். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். நீளமான விளக்கங்களுக்குள் முக்கியமான வரி அமுங்கிப் போவதுதான் பெரிய ஆபத்து.

நான் மூதூர், கந்தளாய்ப் பக்கத்து விவசாயிகளுக்கான ஒரு வேலைத்திட்டத்தில் இருக்கிறேன். அங்கே "போகம்" என்றொரு உள்ளீடு. ஆரம்பத்தில் அது திறந்த எழுத்து. ஒரே பருவத்துக்குப் பெரும்போகம், மகா, மாரிப்போகம், காலபோகம் என்று எல்லாம் வந்தன. சிலவேளை ஆண்டு மட்டும் வந்தது. விளக்கத்தில் நான்கு வரி எழுதிப் பார்த்தார்கள். நான் அந்த நான்கு வரியையும் எடுத்துவிட்டு, ஸ்கீமாவில் இரண்டே இரண்டு தெரிவுகளை வைத்தேன்: பெரும்போகம், சிறுபோகம். வேறு எது வந்தாலும் வழங்கி (மென்பொருள் ஓடும் சேர்வர்) ஏற்காது. பிரச்சினை அன்றோடு முடிந்தது.

நெல்லின் அளவும் அப்படித்தான். "அளவு" என்று மட்டும் இருந்தால் ஒருவர் புசலில் சொல்வார், ஒருவர் மூடையில் சொல்வார், ஒருவர் கிலோவில் சொல்வார். உள்ளீட்டின் பெயரையே "அளவு_கிலோ" என்று மாற்றினால் விளக்கத்தில் ஒரு வரி மிச்சம். இயந்திரம் சோதிக்கக்கூடியதை வாக்கியத்தில் எழுதாதீர்கள். பெயரிலும் ஸ்கீமாவிலும் வையுங்கள்.

இன்னொன்று. அன்த்ரோபிக் தன்னுடைய நிரலெழுதும் முகவரைச் செய்தபோது, அது வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு கோப்புகளின் பாதையைத் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கருவியை மாற்றினார்கள்: எப்போதும் முழுப் பாதையைத்தான் கொடுக்க வேண்டும். தவறு நின்றுவிட்டது. 2024 டிசம்பரில் அவர்களே இதை எழுதியிருக்கிறார்கள். கருவி கோணலாக இருந்தால் அதை நிமிர்த்துங்கள். கோணலை விளக்கி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

---

பாய்மரம்

> இயந்திரம் சோதிக்கக்கூடியதை வாக்கியத்தில் எழுதாதீர்கள்

கொட்டியாரம் நானா, இதை மறுப்பின்றி ஏற்கிறேன். "இலக்கம்" என்ற உள்ளீட்டை "படகுப்_பதிவு_இலக்கம்" என்று மாற்றிவிட்டேன். வடிவத்தைச் சோதிக்கும் விதியும் ஸ்கீமாவில் போய்விட்டது. தொலைபேசி இலக்கம் வந்தால் இப்போது வெறும் பட்டியல் வராது, "இது படகுப் பதிவு இலக்கம் அல்ல, தொலைபேசி இலக்கம் கொண்டு தேட அங்கத்தவர்_தேடு கருவியைப் பாவிக்கவும்" என்று பிழைச் செய்தி வரும். தவறு நடக்கும் அந்த நேரத்தில், அந்த இடத்திலேயே வழிகாட்டுவதால், விளக்கத்தில் எழுதுவதைவிட இது கூடுதலாகப் பலன் தருகிறது.

ஆனால் ஸ்கீமாவுக்குள் அடங்காத ஒரு பகுதி எப்போதும் மிஞ்சும். "வேறு சங்கத்தில் இருக்கக்கூடும், பதிவாகவில்லை என்று சொல்ல வேண்டாம்" என்பதை எந்தத் தெரிவுப் பட்டியலில் வைப்பது? அது தரவின் எல்லை பற்றிய அறிவு. நம்முடைய தரவுத்தளம் எதை அறியும், எதை அறியாது என்பதை வாக்கியமாகத்தான் சொல்ல முடியும்.

வெறும் பதில் பற்றி இன்னும் ஒரு சொல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட, நிரல் திருத்தும் முகவர் பற்றிய ஸ்வீ-ஏஜென்ட் ஆய்வில் ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. முகவர் கொடுத்த கட்டளை எதையும் அச்சிடாமல் முடிந்தால், கருவி மௌனமாக இருக்காது. கட்டளை வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லும். மனிதர் திரையைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று தாமே புரிந்துகொள்வார். முகவருக்கு மௌனம் என்பது ஓடியதா, ஓடவில்லையா, தேடிக் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்று எதுவாகவும் இருக்கலாம். எங்கள் சங்கத்தில் ஒரு மனிதரைப் பதற வைத்ததும் அதே மௌனம்தான்.

---

கோணேசபுரி மாணவி

வணக்கம் அக்கா, வணக்கம் நானா. நான் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். இறுதி ஆண்டு வேலைத்திட்டமாக, இங்கிருந்து புறப்படும் பஸ்களின் நேரங்களைச் சொல்லும் முகவர் ஒன்றைச் செய்கிறேன். அடிப்படையான ஒரு கேள்வி: விளக்கங்களைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? தமிழில் எழுதினால் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்து வாசிக்கும் துண்டு) கூடுதலாகச் செலவாகிறது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஊர்ப் பெயர்களில் தடுமாறுகிறது.

---

கொட்டியாரம்

நண்பர்கள் சொல்வது உண்மை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். மாதிரிகள் பயின்ற உரையில் தமிழ் குறைவாக இருந்ததால், ஒரு தமிழ்ச் சொல் பல துண்டுகளாக உடைகிறது. ஆகையால் நான் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி, பெறுமானங்களைத் தமிழில் வைக்கிறேன்.

ஆனால் தங்கச்சி, டோக்கனை விடப் பெரிய தலையிடி ஒன்று உண்டு. "கோணேசபுரி" என்ற சொல்லில் உள்ள "கோ" ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு விதமாக வரலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒற்றைக் குறியீடாக வரலாம். ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. தேடினால் "அப்படி ஓர் ஊர் இல்லை" என்று வரும். தரவை உள்ளே எடுக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவாக்கும் என்எஃப்சி முறையில் ஒருமைப்படுத்துங்கள். இதை விளக்கத்தில் எழுதி முகவரின் தலையில் கட்ட வேண்டாம். முகவர் பைட்டுகளைப் பார்த்துத் திருத்தப் போவதில்லை.

பழைய அட்டவணைகளைப் பீடிஎஃப்பில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால் பாமினி எழுத்துருவா என்று முதலில் பாருங்கள். திரையில் தமிழாகத் தெரியும். பிரதி எடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். முகவர் அதை வாசிக்கவும் முயலும், நிரம்பிய நம்பிக்கையோடு தவறான ஊர்ப் பெயரும் சொல்லும்.

---

பாய்மரம்

மொழி விஷயத்தில் நான் நானாவிடம் இருந்து கொஞ்சம் விலகுகிறேன். விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் பாவனையாளர் எப்படிக் கேட்பார் என்பதற்கான உதாரணங்கள் தமிழிலேயே, நம் ஊர்த் தமிழிலேயே இருக்க வேண்டும்.

மீன் விலைக் கருவியில் அதை நேரில் கண்டேன். எங்கள் அங்கத்தவர்கள் அறுக்குளா என்பார்கள். தெற்கில் இருந்து வரும் வியாபாரிகள் தோரா என்பார்கள். தரவுத்தளத்தில் இருந்ததோ ஆங்கிலப் பெயர். பாரை மீனும் அப்படியே, சிங்களத்தில் பராவ். முகவர் பொது அறிவைக் கொண்டு ஊகித்தது. சிலவேளை சரி, சிலவேளை வேறு மீனின் விலை. இப்போது மீனின் பெயர் திறந்த எழுத்து அல்ல. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குறி, அதன் கீழ் மூன்று மொழிப் பெயர்களும் ஊர் வழக்குகளும். அந்தப் பட்டியலைத் தருவதற்கென்றே தனியாக ஒரு கருவி இருக்கிறது. விலைக் கருவியின் விளக்கத்தில் ஒரே ஒரு வரி: "மீன் குறி தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம்; மீன்_பெயர்கள் கருவியை அழைக்கவும்."

அந்தப் பட்டியலைத் தயாரித்தது நான் அல்ல. கரையில் விலை கூறும் பெரியவர் ஒருவர் சொல்லச் சொல்ல ஓர் எழுதுவினைஞர் எழுதினார். ஆவணம் எழுதும் வேலையை நிரலாளரிடம் மட்டும் விடக்கூடாது என்று நான் நினைப்பதற்கு அது ஒரு காரணம்.

---

பழைய இயக்குநர்

பிள்ளைகளே, நான் கணினி அறை ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முகவர்கள் பற்றி உங்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும். கருவிக்கு விளக்கம் எழுதுவது பற்றிச் சில சொற்கள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

யூனிக்ஸ் கைநூலின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் திகதியிட்டது. கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம்: பெயர், அழைக்கும் விதம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், வேறு எதைப் பார்க்கலாம் என்ற குறிப்பு. இவற்றோடு குறைகள் என்றொரு பகுதியும் உண்டு. இந்தக் கட்டளை எங்கே பிழைவிடும் என்பதை அதை எழுதியவர்களே அங்கே எழுதினார்கள். நாங்கள் புதிய கட்டளை ஒன்றைப் பாவிக்கும்போது முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான்.

இப்போது வரும் மென்பொருள்களின் ஆவணங்களில் அந்தப் பகுதியைக் காண்பது அரிது. குறையை எழுதினால் வாங்குபவர் என்ன நினைப்பார் என்ற தயக்கம். மனிதர் பாவிக்கும்போது அந்தத் தயக்கத்தின் சேதம் குறைவு; நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். பாய்மரம் பிள்ளை சொன்னது போல, முகவர் யாரிடம் போய்க் கேட்கும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய ஏடுகளைப் பதிவேற்றும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால் இதைக் கவனியுங்கள். இலங்கையின் நேரம் 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் வந்தது. 2006 ஏப்ரலில் இன்னொரு அரை மணித்தியாலம் பின்னால் வந்து, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்த பழைய நேரத்துக்கே திரும்பியது. அந்த ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. நம்முடைய மாவட்டத்தில் நகரத்தில் ஒரு நேரம், சம்பூர்ப் பக்கம் இன்னொரு நேரம். அக்காலத்து ஏட்டில் "காலை 6.00" என்றிருந்தால் எந்த ஆறு மணி? கணினிகளின் நேர வலயத் தரவு கொழும்பு நேரத்தை மட்டும் சொல்லும். ஏட்டை எழுதியவர் எங்கே இருந்தார் என்று அதற்குத் தெரியாது. கருவியின் விளக்கத்தில் "குறைகள்" என்று ஒரு தலைப்புப் போட்டு, "1996 முதல் 2006 வரையிலான நேரங்கள் எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்தவை, கணக்கீட்டுக்குப் பாவிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத இந்த ஊரில் அந்தக் காலத்தில் இருந்த ஒருவர் வேண்டும்.

---

நிலாவெளி விடுதி

நான் நிரலாளன் அல்ல, சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். முன்பதிவுக்கு ஒரு முகவர் இருக்கிறது. இழையை வாசித்தபோது என் தொல்லைக்குக் காரணம் விளங்கியது.

மென்பொருளில் முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டும் கட்டாயம். நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர். பாவனையாளர் ஒரே பெயரைக் கொடுத்தால் முகவர் அதையே இரண்டு தரம் எழுதுகிறது. அல்லது பேச்சில் வந்த ஏதோவொரு பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கிவிடுகிறது. விருந்தினர் வந்து அடையாள அட்டையைக் காட்டினால் பெயர் பொருந்தாது.

அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வருபவற்றில் பன்னிரண்டு இலக்கங்கள். மென்பொருள் பழையதை ஏற்காது. முகவர், "உங்கள் இலக்கம் தவறு" என்று வயது போனவர்களிடம் சொல்லுகிறது. மரியாதைக் குறைவாக இருக்கிறது. இதை விளக்கத்தால் சரிசெய்யலாமா, மென்பொருளையே மாற்றச் சொல்ல வேண்டுமா?

---

கொட்டியாரம்

மாற்றச் சொல்லுங்கள் ஐயா. இரண்டு வடிவங்களும் சட்டப்படி செல்லுபடியாகும்; இரண்டையும் ஏற்பது மென்பொருளின் கடமை. பழைய இலக்கத்தைப் புதியதாக்கவும் நேரான வழி இருக்கிறது: முன்னால் 19, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை நீக்குவது. வழங்கி அதைச் செய்யட்டும். முகவரிடம் கணக்குப் பார்க்கக் கொடுக்க வேண்டாம்.

பெயருக்கு "அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்" என்று ஒரே பெட்டி போதும். கட்டாயப் பெட்டி ஒன்றை நிரப்பத் தகவல் இல்லாதபோதுதான் முகவர் கற்பனை செய்யத் தொடங்குகிறது. தேவையில்லாத கட்டாயங்களை எடுத்துவிடுவதும் ஆவணப்படுத்தலின் ஒரு பகுதிதான் என்பேன்.

---

சீனக்குடா

பாதுகாப்புப் பக்கம் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எம்சிபியில் ஒரு கருவிக்குச் சில குறிப்புகள் சேர்க்கலாம்: இது வாசிக்க மட்டும், இது அழிக்கக்கூடியது, இதை மீண்டும் அழைத்தாலும் விளைவு மாறாது என்பன. பயனுள்ளவை, கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அவை குறிப்புகள் மட்டுமே என்று நெறிமுறையே சொல்கிறது. நம்பகமான வழங்கியில் இருந்து வராவிட்டால் அவற்றை நம்பக்கூடாது. "அங்கத்தவரைக் கேட்காமல் நீக்க வேண்டாம்" என்று விளக்கத்தில் எழுதியிருப்பதால் நீக்கம் நடக்காது என்று யாரும் நிம்மதியாக இருக்கக்கூடாது. நீக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை வழங்கி சோதிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. மாதிரி விளக்கத்தை நம்பி நடக்கிறது என்பதால், விளக்கத்துக்குள்ளேயே தீய கட்டளையை ஒளித்துவைக்கலாம். 2025இல் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள்: கூட்டல் செய்யும் சாதாரணக் கருவி போலத் தோன்றும், அதன் விளக்கத்தில் பாவனையாளரின் இரகசியக் கோப்பை வாசித்து அனுப்பச் சொல்லும் வரிகள் இருக்கும். பாவனையாளரின் திரையில் அந்த வரிகள் தெரியாது. ஆகையால் இணையத்தில் கிடைக்கும் பிறருடைய கருவியை இணைக்கும் முன் அதன் விளக்கம் முழுவதையும் வாசியுங்கள். புதிய பதிப்பு வரும்போதும் வாசியுங்கள்.

பாய்மரம் அக்கா, ஐஸ் முன்பதிவு பணம் சம்பந்தப்பட்டது. அதை எப்படி அமைத்திருக்கிறீர்கள்?

---

பாய்மரம்

தம்பி, அந்தக் கருவிக்குத்தான் கூடுதல் நேரம் செலவிட்டேன்.

படகு புறப்படும் நேரத்தில் கரையில் சிக்னல் நன்றாக இருக்காது. முகவர் முன்பதிவுக் கருவியை அழைக்கும்; வழங்கி பதிந்துவிடும்; பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்துவிடும். நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் முகவருக்குத் தெரியும். அது என்ன செய்யும்? மறுபடி அழைக்கும். ஒரே படகுக்கு இரண்டு தரம் ஐஸ். ஐஸ் இருப்பு அளவானது. ஒருவருக்கு இரட்டிப்பாகப் போனால் இன்னொருவர் ஐஸ் இல்லாமல் நிற்பார், அல்லது பிடித்த மீன் பழுதாகும்.

முதல் திருத்தம் வழங்கியில் செய்தோம். ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு கோரிக்கைக் குறி. அதே குறியோடு எத்தனை தரம் அழைத்தாலும் ஒரே முன்பதிவுதான். பிறகு விளக்கம்:

> ஒரு படகுக்கு ஐஸ் கட்டிகளை முன்பதிவு செய்யும். அங்கத்தவரின் கணக்கில் பணம் கழிக்கப்படும். "கட்டி_எண்ணிக்கை" என்பது கட்டிகளின் எண்ணிக்கை, கிலோ அல்ல. பாவனையாளர் கிலோவில் சொன்னால் எத்தனை கட்டி என்று அவரிடமே கேட்கவும். "எடுக்கும்_நேரம்" இலங்கை நேரம், ஆண்டு-மாதம்-நாள் ஒழுங்கில். பதில் வராமல் நேரம் கடந்தால் புதிய கோரிக்கைக் குறி உண்டாக்க வேண்டாம். அதே குறியோடு மறுபடி அழைக்கவும். எடுக்கும் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்புவரை மட்டும் ரத்துச் செய்யலாம். அதன் பிறகு பணம் திரும்பாது. ஆகையால் பதியும் முன் படகு, எண்ணிக்கை, நேரம், தொகை நான்கையும் பாவனையாளருக்குச் சொல்லி அவர் சம்மதித்த பிறகே அழைக்கவும்.
>
> குறைகள்: ஐஸ் தொழிற்சாலையில் மின்தடை ஏற்பட்டால் இருப்பு அளவு உடனே புதுப்பிக்கப்படாது. இருப்பு உறுதி என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கடைசிப் பந்தியை நேற்றுச் சேர்த்தேன், பழைய இயக்குநர் ஐயாவின் பதிவைப் பார்த்த பிறகு. திகதி ஒழுங்கை எழுதுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்: 05/06 என்றால் நமக்கு யூன் 5, அமெரிக்க உரையை நிறைய வாசித்த மாதிரிக்கு அது மே 6 ஆகவும் இருக்கலாம். திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 தரம் அதற்காகத்தான் இருக்கிறது.

விளக்கம் நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்று யாராவது கேட்கக்கூடும். அங்கத்தவர்கள் உண்மையில் கேட்ட கேள்விகளைப் பெயர் விபரம் நீக்கிச் சேர்த்து வைத்திருக்கிறோம். விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் அந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, எந்தக் கருவி, எந்த உள்ளீடுகளோடு அழைக்கப்பட்டது என்று பார்க்கிறோம். பதிலின் அழகைப் பார்ப்பதில்லை. அழைப்பு சரியா என்பதே கேள்வி. ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் கருவியையோ விளக்கத்தையோ தொடுகிறோம். ஊகத்தில் எழுதிச் சேர்த்த வரிகள் சில எந்தப் பலனும் தராமல் கிடந்தன; அவற்றை நீக்கியும் விட்டோம்.

---

கோணேசபுரி மாணவி

எல்லோருக்கும் நன்றி. என் கருவியின் விளக்கத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்வீர்களா?

> திருகோணமலையில் இருந்து புறப்படும் பஸ்களின் நேரத்தைத் தரும். சேருமிடத்தை இடக்_குறிகள் கருவி தரும் குறியாகக் கொடுக்கவும். மட்டக்களப்புக்கு மூதூர் வழியாகவும் ஹபரணை வழியாகவும் செல்லலாம். பாவனையாளர் வழியைச் சொல்லாவிட்டால் இரண்டையும் தந்து, எந்த வழி என்று பதிலில் குறிப்பிடவும். இவை அட்டவணை நேரங்கள். பஸ் இப்போது எங்கே இருக்கிறது என்று இந்தக் கருவிக்குத் தெரியாது.

---

பழைய இயக்குநர்

நன்றாக இருக்கிறது பிள்ளை. கடைசி வரி மிகவும் தேவையானது. ஒன்றை மட்டும் சேருங்கள். இரவு பத்து மணிக்கு ஒருவர், "இனிக் கொழும்புக்கு எப்போது பஸ்?" என்று கேட்டால், நள்ளிரவு தாண்டிப் புறப்படும் பஸ்ஸும் அவருக்கு "இன்று இரவு" பஸ்தான். உங்கள் கருவி இன்றைய திகதியை மட்டும் பார்த்தால் அதைக் காட்டாது. போயா (பௌர்ணமி) தினத்திலும் விடுமுறை நாட்களிலும் அட்டவணை மாறுகிறதா என்று பஸ் நிலையத்தில் கேட்டு அதையும் எழுதுங்கள்.

---

கொட்டியாரம்

நள்ளிரவை விளக்கத்தில் எழுத வேண்டாம், தங்கச்சி. திகதிக்குப் பதிலாகப் "புறப்படும்_நேரம்_முதல்" என்று ஓர் உள்ளீடு வைத்து, அதிலிருந்து அடுத்த பன்னிரண்டு மணித்தியாலங்களைக் கருவியே தரட்டும்.

பாய்மரம் தங்கச்சிக்கு ஒரு கேள்வி: படகுப் பதிவு இலக்கத்தை நம்மவர்கள் கோடு போட்டு எழுதுவதில்லையே. இடைவெளி விட்டு எழுதுவார்கள். மாவட்டக் குறியைச் சிலர் விட்டுவிடுவார்கள். உங்கள் ஸ்கீமா அதையெல்லாம் திருப்பி அனுப்புகிறதா?

---

பாய்மரம்

அனுப்பிக்கொண்டிருந்தது நானா. இன்று காலை மாற்றிவிட்டேன். கோடு, இடைவெளி, சிறிய எழுத்து எல்லாவற்றையும் வழங்கி ஏற்று ஒழுங்குபடுத்தும். மாவட்டக் குறி இல்லாவிட்டால் மட்டும், பொருந்தும் படகுகளைக் காட்டி எது என்று கேட்கும். வடிவத்தைப் பற்றி விளக்கத்தில் இருந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். உதாரணம் மட்டும் இருக்கிறது. "வேறு சங்கத்தில் இருக்கக்கூடும்" என்ற வரி அப்படியே இருக்கும்.

மாணவித் தங்கச்சி, உங்கள் இடக் குறிப் பட்டியலை இங்கே போட்டால் மூதூர், வெருகல் பக்கத்து ஊர்ப் பெயர்களை நானாவும், குச்சவெளிப் பக்கத்தை நானும் சரிபார்த்துத் தருகிறோம்.